செல்லையாவும் நாங்களும் ஏறிய பஸ்

காலை ஏழே முக்காலுக்கு பஸ் வந்தது. மேலநீலிதநல்லூருக்குத் தெற்கே, என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து சங்கரன்கோவிலுக்குக் காலையில் இது ஒன்றுதான். அதனால் அக்கா மகன் வேலுவும், வரப்புத் தகராறில் அவன் அப்பாவின் வலது கையை வெட்டிய செல்லையாவும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதே பஸ்ஸில்தான் போகிறார்கள். ஜாமீனில் இருக்கும் செல்லையா டிரைவருக்குப் பின் சீட்டில். வேலு கடைசிக்கு முந்தின சீட்டில். நடுவில் கம்பியைப் பிடித்து நான் நின்றேன்.

இன்று வேலு சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கோர்ட்டு வாசலிலேயே எதையாவது செய்துவிடுவானோ என்று அக்காவுக்குப் பயம். அப்பாவை வெட்டிய கையை எடுப்பேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறான். என்னைத் திருப்பூரிலிருந்து வரவழைத்ததே அவன் கூடப் போகத்தான். எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்த நான் யாரைத் தடுக்க? ஏறும்போதே அவன் பையைத் தடவிப் பார்த்தேன். துண்டு, தண்ணீர் பாட்டில். சரி, இடுப்பில் கத்தி இருந்தால்?

வெளியே சோளக்காட்டின் மேல் காற்றாலை இறக்கைகள் தூக்கத்தில் புரள்வதுபோலச் சுற்றின. வெயில் இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

மேலநீலிதநல்லூரில் ஏறிய ஒரு கல்லூரிப் பெண் வேலுவின் முன் சீட்டில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பரீட்சையா என்று கேட்டேன்.

"ஆமா அண்ணாச்சி. கிரேக்க நாடகம். சண்டைக்குப் போயிட்டு வந்த ராசாவ பொண்டாட்டியே வெட்டிருதா. மவன் வந்து அம்மைய வெட்டுதான். ஒடனே ஆங்காரம் புடிச்ச சாமியெல்லாம் கூட்டமா அவன வெரட்டுது."

"பொறவு?"

"பெரிய சாமி ஒண்ணு, ஊர்க்காரங்கள உக்கார வச்சு ஓட்டுப் போடச் சொல்லுது. பாதிக்குப் பாதி. சாமி ஓட்டு அவன் பக்கம். விட்டுட்டாவ."

"வெரட்டுன சாமிக சும்மாவா போச்சு?"

"அதுகளுக்கு ஊருக்குள்ளயே எடம் கொடுத்துக் கும்புட்டாவ."

பின்னாலிருந்து வேலு கேட்டான். "அங்கன வாய்தாவே கெடையாதா?"

"ஒரே நாள்ல முடிஞ்சிருது."

"நமக்கு மூணு வருசமா இழுக்கான். அந்த ஊர்க்காரன் நல்ல கோர்ட்டுலா வச்சிருக்கான்."

பஸ்ஸே சிரித்தது. முன்னால் செல்லையாவும் சிரித்தார். அதைப் பார்த்ததும் வேலுவின் முகம் இறுகிவிட்டது. நான் அவன் சீட்டுப் பக்கம் நகர்ந்து நின்றேன். தூரத்தில் சங்கரன்கோவில் கோபுரம் புழுதிக்கு மேல் மிதந்து வந்தது.

கோர்ட்டில் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறிய வேலு செல்லையாவைக் காட்டினான். வெட்டிய இடம், நேரம் எல்லாம் சொன்னான். "இப்போது உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"இடது கையால திங்க மாட்டேங்காரு. நான்தான் ஊட்டுதேன்."

டைப் அடிக்கும் சத்தம் அதையும் அடித்துவிட்டு நின்றது. செல்லையா தரையைப் பார்த்தார். இத்தனை நாளில் வேலுவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, நான் உட்பட. அடுத்த வாய்தாவுக்குத் தேதி போட்டார்கள்.

நடை சாத்துவதற்குள் கோமதியம்மனைப் பார்த்துவிடலாம் என்று கூட்டிப்போனேன். மண்டபத்துக் கூட்டத்தில் வேலுவைக் காணவில்லை. செல்லையாவும் கோயில் பக்கம் போனதைப் பார்த்திருந்தேன். யார் யாரையோ இடித்துக்கொண்டு ஓடினேன்.

உண்டியல் பக்கத்தில் நின்றிருந்தான். பாம்பு, தேள், கண், கால் என்று நேர்ச்சைக்குத் தகட்டில் அடித்து விற்பார்களே, அதில் ஒரு கையை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்காடே?"

"இல்ல மாமா. அது செல்லையா கையி. எடுப்பேன்னு சத்தியம் பண்ணேன்லா. எடுத்துக் கொடுத்துட்டேன்."

"தகரக் கைய அம்மன் ஏத்துக்குமால?"

"பாம்ப மட்டும் உசுரோடயா கொண்டாந்து போடுதாவ?"

"அப்பம் கேசு?"

"அது நடக்கட்டும். அவன் உள்ள போவணும். அத நான் விட மாட்டேன்."

திருப்பூரில் பஸ்ஸில் என் பக்கத்தில் இருப்பவன் யாரென்றே எனக்குத் தெரியாது. தெரியாததால் தோளில் சாய்ந்துகூடத் தூங்குவேன். இங்கே எல்லாம் தெரிந்தேதான் ஏறுகிறார்கள். சாயங்கால பஸ்ஸில் செல்லையா ஏறினார். வேலு ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான்.