மூன்று வருடக் கையெழுத்து

என் தங்கை போராடி வாங்கியவை மூன்று. சட்டை தைக்கும் கம்பெனியில் நிரந்தர வேலை. கைநாட்டுக்காரிக்கு எதற்கு என்று கேட்டவர்கள் மத்தியில், காலர் தைக்கும் வரிசையில் ஜன்னலோர மிஷின். மூன்றாவது, மகளின் உயிர்.

பிறக்கும்போதே குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டை முதல் ஆபரேஷனுக்கே போதவில்லை. மீதிக்கு மாப்பிள்ளை தன் வண்டியை விற்றார். பிள்ளை வளர்ந்ததும் இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் தெருமுனைத் தையல்காரம்மா தன் கடையில் பாதியைத் தர முன்வந்தார். தங்கை போய் மிஷின் போடும் மூலையைக்கூட அளந்துவிட்டு வந்தாள். கம்பெனியை விட்டால் அட்டையும் போய்விடும். அதற்குமுன் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடலாம் என்று ஏஜெண்டை வீட்டுக்கு வரச் சொன்னோம்.

அவர் கேட்டுக்கொண்டே எழுதினார். குழந்தையின் பெயர் வந்ததும் பேனா நின்றது.

"பழைய வியாதியை எழுதினா, அதுக்கு மூணு வருஷம் பாலிசி பணம் தராதும்மா."

"எழுதாட்டி?" என்றார் மாப்பிள்ளை.

ஏஜெண்ட் மின்விசிறியைப் பார்த்தார்.

"விட்டுடுங்க சார். உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாப்பிள்ளை.

"சட்டையைக் கழட்டினா தெரியும்," என்றாள் தங்கை. "நெஞ்சு நடுவுல இத்தனை நீளத் தழும்பு. மறைச்சு வாங்கினா, ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு பிரிஞ்சுக்கும். கெட்டித் தையல் போடாத சட்டைத் தோள் மாதிரி. எழுதுங்க சார்."

"அப்ப மூணு வருஷம் கம்பெனியை விட முடியாதே." மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினார்.

"முடியாது. அதுவரைக்கும் அந்த அட்டைதான் பிள்ளைக்கு. அது பத்தாதுன்னும் தெரியும். வேற வழி?"

"உன்னை அந்தக் கம்பெனிக்கே கட்டிக் குடுத்திருக்கலாம்டி," என்றார் மாப்பிள்ளை.

"குடுத்திருந்தா ஞாயித்துக்கிழமை லீவாவது கிடைச்சிருக்கும்."

மாப்பிள்ளை எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்.

ஏஜெண்ட் கைநாட்டுக்கு மைப்பெட்டியை எடுத்தார். அவள் அதைத் தள்ளி வைத்தாள். கடை போர்டில் போட வேண்டும் என்று, வெட்டித் தள்ளிய துணிகளில் மார்க்கிங் சாக்பீஸால் தன் பெயரை எழுதிப் பழகியிருந்தாள். காகிதத்தில் எழுதியதில்லை. பேனாவைச் சாக்பீஸைப் போலவே சாய்த்துப் பிடித்தாள். கையெழுத்துக் கட்டத்தின் நாலு பக்கமும் தையலுக்கு விடுவது போல இடம் விட்டாள். நடுவில் மிச்சமிருந்த இடத்தில், பொடிப் பொடியாக, ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதினாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தையல்காரம்மாவிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்த மூலையில் இப்போது ஜெராக்ஸ் மிஷின் இருக்கிறது. கம்பெனிக்கு அந்த வழியாகத்தான் போகிறாள்.

அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2019 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. அந்த மூன்று வருடத்தை அன்றிலிருந்து எண்ணுகிறாள்.