அவர் பெயரில் துடித்த என் நெஞ்சு

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நோயாளியாக உட்காரவில்லை. நோயாளியின் செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் வீட்டுக்காரருக்கு ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடாக வரைந்து பார்ப்பது) எடுத்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை. படியேறி வந்ததில் எனக்கு மூச்சு இரைத்தது. நெஞ்சுக்குள் ஏதோ புரண்டு புரண்டு படுத்தது. பயத்தில்தான் அப்படி என்று நினைத்து, அவருக்காக முருகனை வேண்டிக்கொண்டேன்.

எங்களுக்குத் தேனி கடைவீதியில் பாத்திரக்கடை. என் வீட்டுக்காரர் முருகேசன் கல்லாவில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். சர்க்கரை வந்தது, தொப்பையும் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கார்த்திகா அவருக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினாள். எவ்வளவு நடந்தார், எப்படித் தூங்கினார், நாடி எப்படி அடிக்கிறது என்று அது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அவள் செல்போனுக்கும் அனுப்பிவிடும். அவர் பெயர், வயது, எடை எல்லாவற்றையும் அதில் அவளே பதிந்து கொடுத்திருந்தாள்.

கொஞ்ச நாள் ஒழுங்காக நடந்தார். பிறகு சாயங்காலமானால் மகளிடம் திட்டு வாங்குவதே வேலையாகிவிட்டது. ஒருநாள் வாட்ச்சைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“இந்தா ஈஸ்வரி, நீதான் எந்திரிச்சதுலருந்து ஓடிக்கிட்டே கெடக்கியே. இதக் கையில கட்டிக்க. பிள்ள சந்தோசப்படட்டும்.”

கட்டிக்கொண்டேன். வீட்டில் ஒரு ஆள் நடந்தால் இரண்டு பேரும் நடந்த மாதிரி என்பது அவர் நியாயம்.

என் முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று தெரிந்தவர்கள் சொன்னதால், ஊருக்கு வெளியே இருக்கும் நீச்சல் குளத்தில் காலையில் பெண்களுக்கான நேரத்தில் அப்போது நான் சேர்ந்திருந்தேன். பிறந்த ஊரான கம்பத்தில் அப்பாவின் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றிலேயே நீச்சல் பழகியவள்தான். ஆனாலும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒட்டிக்கொள்ளும் அந்த உடையில் என்னைப் பார்த்து என் நாத்தனார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரித்தால் சிரிக்கட்டும் என்று போனேன். யாரும் என்னை எதற்கும் கூப்பிடாத நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான்.

தண்ணீர் படலாம் என்பதால் வாட்ச்சும் என்னோடு குளத்தில் இறங்கியது. அன்று மாலையே கார்த்திகா போனில் துள்ளினாள். “அப்பா நீச்சலெல்லாம் அடிக்கிறாரு! சூப்பர்ப்பா!”

“ஆமாத்தா, சும்மா கொஞ்சம்...” என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். சுருளி அருவிக்குப் போனாலும் ஓரமாக நின்று சொம்பில் மொண்டு குளிக்கிற மனிதர் அவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சில மாதங்கள் இப்படியே போயின. அந்த மாதங்களில் எனக்குக் களைப்பு இருந்தது. குளத்தின் பாதித் தூரத்திலேயே கை ஓய்ந்தது. கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு மறுபடியும் அடிக்கும். மாதவிடாய் நிற்கிற வயதில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் பகலில் கார்த்திகா அழுதுகொண்டே போன் செய்தாள். “அம்மா, அப்பாவுக்கு நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கா இல்லைன்னு வாட்ச் திரும்பத் திரும்பக் காட்டுதும்மா. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

வாட்ச் என் கையில்தான் இருந்தது. படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை, சத்தியமாக விளங்கவில்லை. அவர் பெயரைப் போட்டிருக்கிறது, அவர் வயதைப் போட்டிருக்கிறது. ஜாதகத்தை யார் எடுத்துக்கொண்டு போனாலும் அது அதற்குரியவரின் பலனைத்தானே சொல்லும்? நடையை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டு உடம்பு விஷயத்தில் அவரைத்தான் பேசுகிறது என்று இரண்டு பேருமே நம்பினோம். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “நாலு நாளாவே எனக்கு இங்கன ஒரு மாதிரிதான் இருந்துச்சு” என்று இடது தோளைத் தடவினார்.

டாக்டர் இளவயதுப் பெண். ஈசிஜி சரியாக இருந்தது. எக்கோவும் (ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகப் பார்ப்பது) சரியாக இருந்தது. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். கார்த்திகா அனுப்பிய வாட்ச் விவரங்களைச் செல்போனில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார் டாக்டர்.

“நீந்திட்டு வந்த நாள்லதான் அதிகமாக் காட்டுது. தண்ணியில மூச்சு வாங்குதா சார்?”

அவர் என்னைப் பார்த்தார். “எனக்குத் தண்ணின்னாலே ஆகாதுங்க டாக்டர்.”

“அப்ப நீந்துனது யாரு?”

“இவதாங்க. மகள் வையுதேன்னு இவ கையில கட்டிவிட்டேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்கள் வெகுநேரம் அங்கேயே இருந்தன.

“அந்தச் செருப்ப அவர்கிட்டக் குடுத்துட்டு நீங்க வந்து படுங்கம்மா.”

எனக்கு வந்திருந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது). நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் ஒரே கேள்விதான் கேட்டேன்.

“நீச்சலுக்குப் போகலாங்களா?”

“இப்ப வேண்டாம். தண்ணிக்குள்ள மயக்கம் வந்தா யாரு தூக்குவாங்க?”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அழுதது நோய்க்காக இல்லை, குளத்துக்காக.

வீட்டுக்கு வந்த பிறகு அழுகை கோபமாக மாறியது. வாட்ச்சைக் கட்டிவிட்டார் என்ற கோபம் இல்லை. சொல்லப்போனால் அந்தத் திருட்டுத்தனம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அவருக்கு என்றதும் மகள் அழுதாள், கடையைப் பூட்டினோம், ஆட்டோ பிடித்தோம். அதே மூச்சிரைப்பு எனக்கு மாதக்கணக்கில் இருந்தது, யாரும் ஒரு ஆட்டோ பிடிக்கவில்லை. நானும்தான் பிடிக்கவில்லை. இதைப் படிக்கிற பெண்களிடம் ஒன்று சொல்வேன்: நெஞ்சு தாளம் தப்பினால் வயதின் மேல் பழி போடாதீர்கள். ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒரு மாத்திரை. புதுத் தட்டின் விளிம்பு விரலைக் கிழிப்பது பாத்திரக்கடையில் சாதாரணம், முந்தானையில் துடைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம். மாத்திரை தொடங்கிய பிறகு அப்படிக் கிழித்தபோது ரத்தம் நிற்கவே இல்லை. அவர் என் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களிடம் “செத்த பொறுங்க, இவளுக்கு முடியல” என்றார். கடையில் வைத்து என் கையை அவர் பிடித்தது அதுதான் முதல் தடவை.

நெஞ்சுத் துடிப்பு மாத்திரைக்கு அடங்கவில்லை. மதுரையில் அப்ளேஷன் (தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறான மின்பாதையைச் சுட்டு அடைப்பது) செய்தார்கள். தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. செய்த பிறகும் சில வாரங்கள் நெஞ்சு எகிறத்தான் செய்யும், அதை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரித்து என்ன செய்ய? கார்த்திகா என் பெயரிலேயே புதிதாக ஒரு வாட்ச் அனுப்பியிருந்தாள். குழம்பைக் கிண்டினால் ஒரு பார்வை, தும்மினால் ஒரு பார்வை. பார்க்கப் பார்க்கத் துடிப்பு ஏறியது, ஏற ஏறப் பார்த்தேன்.

அடுத்த முறை எங்கள் பழைய டாக்டரிடம் போனபோது அவரே அதைக் கழற்றி என் பைக்குள் போட்டார். “கொஞ்ச நாள் இது உள்ளயே இருக்கட்டும். வெரல வச்சு நீங்களே எண்ணிப் பழகுங்க.”

பழகினேன். கட்டைவிரலுக்குக் கீழே, எலும்பின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்தால் கிடைக்கும். பிள்ளை பெற்று வளர்த்த உடம்பு, கடைக்கும் அடுப்படிக்கும் இழுத்துக்கொண்டு திரிந்த உடம்பு. அதை இப்படி உட்கார்ந்து ஒருநாளும் நான் விசாரித்ததில்லை. வெட்கமாகக்கூட இருந்தது.

ஹோல்ட்டரில் (நெஞ்சில் ஒட்டிவைத்து ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதியும் சிறு கருவி) கோளாறு எதுவும் இல்லை என்று வந்த அன்று, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே டாக்டர் சொன்னார். “நீந்தலாம். ஆனா தனியா வேண்டாம். நெஞ்சளவு தண்ணி, கைக்கெட்டுற தூரத்துல ஒரு ஆள்.”

குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிற பெண் எல்லோரையும் பார்க்க வேண்டும், என் ஒருத்தி பக்கத்திலேயே நிற்க முடியாது. பெண்கள் நேரத்தில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வரலாம்.

“நான் வாரேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீங்களா? முங்கிட்டா ஒங்களத் தூக்க நான் ஒரு ஆள் பிடிக்கணும்.”

“நெஞ்சளவு தண்ணிதானே. நிக்கத்தான செய்யப் போறேன்” என்றார்.

வந்தார். புது அரைக்கால்சட்டை, தலையில் ரப்பர் தொப்பி, கையில் அவருடைய பழைய வாட்ச். என்னுடையது என் கையில். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். “போ. நான் இங்கனயேதான் இருக்கேன்” என்றார்.

மெதுவாகக் கையை வீசினேன். முன்பெல்லாம் எதிர்ச்சுவரைத் தொடுவதற்காக நீந்துவேன். அன்று எனக்குச் சுவர் தேவைப்படவில்லை. ஒரு வீச்சு, ஒரு மூச்சு, அதற்குள் ஒரு முழு நாளே இருப்பதுபோல இருந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்று என் நெஞ்சு எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இந்தத் துடிப்பு வந்தது, அடுத்ததும் வந்தது. திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தேன். ஒழுங்காக இருந்தது.

பெஞ்சில் வைத்திருந்த போன் அடித்தது. ஏறிப் போய் எடுத்தேன்.

“அம்மா, ஒனக்கு நல்லாத்தான் காட்டுது. அப்பாவுக்குத்தான் நின்ன எடத்துலயே எகிறுது. மறுபடியும் வாட்ச்ச மாத்திக் கட்டிக்கிட்டீங்களா?”

திரும்பிப் பார்த்தேன். நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல ஆத்தா” என்றேன். “இது அவுகளோடதுதான்.”