நீலாக்காவின் சோடாபுட்டிக் கண்ணாடி

எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதைப் போன வாரம் ஒருவழியாக ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நாளாகவே மருந்துச் சீட்டைக் கை நீட்டி நீட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். கையின் நீளம் போதாமல் போனதும், கிழக்கேகோட்டைப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய் நின்றேன். அலமாரி நிறையக் கண்ணாடிகள். எல்லாம் காற்றடித்தால் பறந்துவிடும் போல மெலிசு. எதற்குக் கேட்டேனோ தெரியாது, "அந்தச் சோடாபுட்டி மாதிரி கட்டிக் கண்ணாடியெல்லாம் இப்ப வாறதில்லையா?" என்று கேட்டேன்.

கடைப் பெண் சிரித்தாள். "அதொக்கெ போயி சேச்சி. இப்போ எத்தர பவர் ஆனாலும் நைஸ் லென்ஸா வரும்" என்று மலையாளத்தில் சொன்னபடி, எனக்கான கண்ணாடியை ஒரு மெல்லிய துணியால் துடைத்தாள். அந்தக் கை வட்டம் வட்டமாகப் போய் வந்ததைப் பார்த்ததும், தன் சோடாபுட்டியை அப்படியே துடைக்கும் நீலாக்கா எனக்கு ஞாபகம் வந்துவிட்டாள்.

நீலாக்கா என் கூடப் பிறந்தவள், எனக்கு மூத்தவள். எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளக் கரைக்கு வந்து ஆரியசாலையில் நிலைத்தது. அப்பாவுக்கு ஒரு மொத்தவிலைக் கடையில் கணக்குப் பிள்ளை வேலை. மிளகாய் வற்றலும் பெருங்காயமும் கலந்த வாசனை எங்கள் வீட்டுச் சுவரில்கூட ஊறியிருந்தது. நீலாக்கா தும்மும்போதெல்லாம் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவும். அத்தனை கனம் அதற்கு. பள்ளியில் சேர்ந்த காலத்திலேயே போட ஆரம்பித்தவள், கல்லூரிக்குப் போகும்போது மைனஸ் பதினாறில் வந்து நின்றாள். எதிரே நின்று பார்த்தால் கண்ணாடிக்குள் வளையம் வளையமாகத் தெரியும், அவற்றுக்கு நடுவே கண் சின்னதாக, எங்கோ தூரத்தில் இருப்பது போலிருக்கும். கழற்றினால்தான் அவளுக்கு எவ்வளவு பெரிய, அழகான கண் என்று தெரியும். அதைப் பார்த்த ஆட்கள் குறைவு, நான் பார்த்திருக்கிறேன்.

எப்படியென்றால், அவளுக்கு என் முகத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவாள். "கிட்ட வாட்டி" என்று என் தாடையைப் பிடித்து இழுத்து, மூக்குக்கும் மூக்குக்கும் நாலு விரற்கடை இடைவெளி வரும்வரை கொண்டுபோவாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் கண் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் அப்பட்டமாகப் பார்க்கும். என் இமை மயிரைக்கூட எண்ணிவிடுவாள். "ஆங், இப்பத்தான் ஒன் மொகம் வந்து சேந்துச்சு" என்பாள். அவள் மூச்சில் எப்போதும் காப்பி மணக்கும்.

கண் இப்படியென்றால் மனுஷி ஒடுங்கிப் போயிருக்க வேண்டும் இல்லையா? அவள் ஒடுங்கவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் பலகை தெரியாது. நானாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் பேரூர்க்கடையில் போய் இறங்கியிருப்பேன். அவள் நடு நிறுத்தத்தில் நின்று, "சேட்டா, இது தம்பானூரா?" என்று சத்தமாகக் கேட்பாள். அவள் நிற்பதைக் கண்டாலே கண்டக்டர்கள் தாங்களாகவே ஊர்ப் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் பலன் பெற்றவர்களில் எழுத்துத் தெரியாத சில வயதானவர்களும் உண்டு.

ஆட்களை அவள் நடையால் கண்டுபிடிப்பாள். "கைய வீசிக்கிட்டு வாறது மாமாதான்" என்றால் மாமாதான். நடையும் பிடிபடாவிட்டால் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்துவைப்பாள். "தெரிஞ்ச ஆளுன்னா மரியாத, தெரியாத ஆளுன்னா புண்ணியம்" என்பது அவள் கொள்கை. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மையிடம் ஒருநாள் சிரித்து, "சுகந்தன்னே?" என்று விசாரித்துவிட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "பதில் சொல்லாட்டி போறா, நல்ல சேலைதான் உடுத்திருக்கா" என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாள்.

ஆனால் இந்த வேடிக்கைக்காரிக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வேடிக்கை கிடையாது. கல்லூரி நாளில் ஒரு டாக்டர் அவளிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தார். அவள் கண் முன்னிருந்து பின்னாக மற்றவர் கண்ணைவிட நீளம். நீளம் கூடியதால் உள்ளே இருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கிறது. அது என்றைக்காவது கிழிந்து பிரியலாம், பிரியாமலும் போகலாம். கண்ணுக்குள் மின்னல் அடித்தாலோ, கரும்புள்ளிகள் மழை மாதிரி விழுந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ, மறுநாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. கேட்டுவிட்டு வீடு வந்த அம்மா அழுதாள். நீலாக்கா அழவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஒரு பழக்கத்தைத் தொடங்கினாள்.

எழுந்ததும் தெருப் பக்கத்து ஜன்னல் முன்னால் நிற்பாள். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மறு கண்ணால் ஜன்னல் கம்பிகளைப் பார்ப்பாள். பிறகு கண்ணை மாற்றுவாள். "எல்லாக் கம்பியும் இருக்கு, நேராத்தான் இருக்கு" என்று அறிவித்துவிட்டுத்தான் காப்பிக்கு வருவாள். நாங்கள் கேலி செய்வோம். அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. பல் தேய்ப்பது போல அதையும் செய்தாள். பயத்தை அப்படிக் காலையிலேயே ஒரு வேலையாக முடித்து வைத்துவிட்டு, மீதி நாளைச் சிரித்துக்கொண்டு கழிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவள் ஒரு அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஆற்றுக்கால் தேவி கோயில் பொங்காலை வந்தது. அந்த நாளில் ஊரே பெண்களின் அடுப்பாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் தெருவோரம், நடைபாதை, பஸ் நிலையம் என்று செங்கல் வைத்து மண்பானை ஏற்றியிருப்பார்கள். கோயிலில் மூட்டிய நெருப்பு அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறி எங்கள் தெருவரைக்கும் வந்து சேரும். உச்சி தாண்டித் தீர்த்தம் தெளிக்கும்வரை யாரும் அடுப்பை விட்டு அசைய மாட்டார்கள். வண்டி எதுவும் நகராது. ஓலையும் தென்னம்பாளைக் கொதும்பும் எரிந்த புகையில் எல்லாருக்கும் கண்ணெரிச்சல். கரித்தூள் பறந்து வெள்ளைச் சேலையில் வந்து உட்காரும்.

அம்மா வீட்டு வாசலில் பாயசத்தோடு மண்டைப்புட்டும் வைத்திருந்தாள். பயற்று மாவில் தலை போல உருட்டி அவிப்பது அது. தலையில் உள்ள நோவுக்கெல்லாம் அதுதான் நேர்ச்சை. கண் தலையில்தானே இருக்கிறது என்று நீலாக்காவுக்காக அம்மா வருஷா வருஷம் வைப்பாள்.

பானை பொங்கி வழிந்து குலவைச் சத்தம் அடங்கிய நேரத்தில் நீலாக்கா சொன்னாள், "யம்மா, கண்ணு மின்னுது."

"அடுப்புகிட்ட நின்னா எல்லாருக்கும் மின்னத்தான் செய்யும்."

"கரி மாதிரி பறக்குது."

"தெரு பூரா கரியில்லா பறக்கு? தண்ணி விட்டுக் கழுவு மக்ளே."

பக்கத்து அடுப்புக்காரிகளும் அதையேதான் சொன்னார்கள். நானும் சொன்னேன். வருஷத்தில் வேறெந்த நாளாக இருந்தாலும் நாங்கள் பதறியிருப்போம். அன்றைக்கு மட்டும் கரும்புள்ளி பறக்காத கண் அந்தத் தெருவிலேயே இல்லை.

நீலாக்கா கழுவினாள். பிறகு கண்களை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "கரின்னா கண்ண மூடுனா தெரியப்பிடாது. மூடுனாலும் மின்னுதே" என்றாள். திரும்பி எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து இடக்கண்ணைப் பொத்தினாள். அவள் முகம் மாறியது. "ஓரத்துக் கம்பியக் காணல்லட்டி" என்று என்னிடம் சொன்னாள். உடனே செருப்பைத் தேடினாள்.

அம்மா தடுத்தாள். "ஒன் கண்ணுக்குத்தான் இந்த மண்டைப்புட்டே. படைக்காம எறங்கிப் போவாளா? தீர்த்தம் தெளிக்கட்டு, பொறவு போலாம்."

"தேவி அங்கனயேதான் இருப்பா. என் கண்ணு நிக்காது" என்றாள் நீலாக்கா. குரல் உயரவில்லை. "நீ பொங்காலையப் பாத்துக்கோ, நான் கண்ணப் பாத்துக்கிடுகேன்."

அம்மா கரண்டியும் கையுமாக நின்றாள். அவளுக்கு அடுப்பை விடவும் முடியவில்லை, மகளை விடவும் முடியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "இவ கையப் புடிச்சுக்கிட்டுப் போட்டி" என்றாள்.

கையைப் பிடித்தேன் என்று பேர்தான். புகையில் எனக்குக் கண்ணீர் கொட்டியது, பாதி புகை, பாதி பயம். தலையை ஆட்டக் கூடாதென்று நீலாக்கா நிறைகுடம் சுமப்பவள் போல நிதானமாக நடந்தாள். நான் செங்கல்லில் இடித்துக்கொண்டேன். "எட்டி, கண்ணு கேடு ஒனக்கா எனக்கா?" என்றாள். அந்த நேரத்திலும் அவளால் கேலி பேச முடிந்தது.

கொஞ்ச தூரத்தில் வழியே இல்லை. அடுப்போடு அடுப்பு ஒட்டிக் கிடந்தது. ஒரு அம்மாள் என் அழுகையைப் பார்த்து விசாரித்தாள். சொன்னேன். அவள் எழுந்து அடுத்த வரிசையைப் பார்த்து, "கண்ணினு சுகமில்லாத்த குட்டியா, வழி கொடுக்கு" என்றாள். அந்த வரிசை அதற்கடுத்த வரிசைக்குச் சொன்னது. காலையில் நெருப்பு வந்த மாதிரியே இப்போது அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் போனது. எரிகிற கொள்ளிகளை இழுத்து ஒதுக்கினார்கள். சேலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒருத்தி கொதிக்கிற பானையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டே நின்றாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. நீலாக்கா ஒவ்வொருத்தியையும் பார்த்துத் தன் பொதுச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் விடுமுறை நாள் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார். விழித்திரை ஓரத்தில் பிரிந்துவிட்டது, நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் பிரிந்த பிறகு வந்திருந்தால் படிக்கிற பார்வை போயிருக்கும் என்றார். மறுநாளே அறுவை செய்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் கவிழ்ந்தே படுத்திருக்க வேண்டும் என்றார்கள். கண்ணுக்குள் வைத்த காற்று விழித்திரையை அமுக்கிப் பிடிக்க அதுதான் வழி. முகம் தரையைப் பார்த்தபடி கிடந்தாள். வருகிறவர்களை இப்போது காலை வைத்துக் கண்டுபிடித்தாள். இடக்கண்ணுக்குத் தெரிந்த கொஞ்சத்தை வைத்து, "மாமா, நகம் வெட்டப்பிடாதா?" என்று கீழே இருந்து குரல் வரும். வார்டே சிரிக்கும்.

அம்மா மண்டைப்புட்டை இலையில் பொதிந்து கொண்டுவந்தாள். நீலாக்கா அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலு கொப்புளிச்சுப் பொத்திருக்கே" என்றாள். நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. தீர்த்தம் தெளித்த கையோடு அம்மா சுடுகின்ற செங்கல்களுக்கு நடுவே செருப்பில்லாமல் பொங்காலையன்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தாள்.

"ஓடியா வந்தே?"

"பைய நடந்துதான் வந்தேன்" என்றாள் அம்மா.

கண்ணைக் காப்பாற்றியது மண்டைப்புட்டா ஜன்னல் கம்பியா என்று அம்மா இருந்தவரை இருவருக்கும் வழக்கு நடந்தது. ஒருத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை. வலக்கண்ணின் ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் திரும்பி வரவில்லை.

அடுத்த வருஷம் பெண் பார்க்க வந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாள் அம்மா. "அவரு என்னப் பாக்க வாறாரு. நானும் அவரப் பாக்கண்டாமா?" என்று சோடாபுட்டியோடேயே போய் உட்கார்ந்தாள். கண்ணில் நடந்ததையும் இனி நடக்கக் கூடியதையும் அவளே சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மனிதர், "செரி, நம்ம வீட்டு ஜன்னலுக்கும் கம்பி உண்டு" என்றார். அவர்தான் என் அத்தான்.

பிறகு புரை வந்து, இரண்டு கண்ணிலும் உள்ளேயே லென்ஸ் வைத்தார்கள். சோடாபுட்டி போயே போய்விட்டது. தூரம் பளிச்சென்று தெரிந்தது, கிட்டத்தில் இருப்பதுதான் மங்கியது, படிக்க மட்டும் ஒரு கண்ணாடி வேண்டியிருந்தது. ஆரியசாலை வீடும் இப்போது இல்லை, அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. கண்ணாடி போனாலும் கண்ணின் நீளம் போகவில்லை என்பதால், நீலாக்கா பாப்பனங்கோட்டு ஃப்ளாட்டில் இன்றும் காலையில் கண்ணைப் பொத்திக் கம்பி பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கண்ணாடியோடு அவளைப் பார்க்கப் போனேன். கேட்டில் நுழையும்போதே மாடியிலிருந்து குரல் வந்தது. "எட்டி, மெலிஞ்சு போயிட்டியே." மேலே போனதும் என் கண்ணாடியை வாங்கி மாட்டிப் பார்த்தாள். அவள் படிக்கிற கண்ணாடியும் அதே பவர்தான். இரண்டு பேரும் சிரித்தோம். கடைசியில் எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஒரே பவருக்கு வந்து சேர்ந்ததில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது, என் கண்ணாடி அவள் கையிலேயே இருக்க, நான் அவள் தாடையைப் பிடித்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். நாலு விரற்கடை. மங்கலாக ஏதோ ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். "என்னட்டி?" என்றாள் நீலாக்கா. காப்பி வாசனை மட்டும் அப்படியே இருந்தது.