லிஃப்ட்காரர் கரைத்த மாவு

லிஃப்ட்காரர் என்றுதான் தெருவில் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். லிஃப்டை ஓட்டுகிறவர் இல்லை, பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனாலும் மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமுக்குள் குனிந்து நுழைந்து, கன்ட்ரோல் பெட்டியைத் திறந்துவைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். பிறகு ஒரே ஒரு சாமானை மாற்றுவார். என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததில் கைவைப்பார். அவருடைய மொத்த வித்தையும் அவ்வளவுதான். தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து அது அவரைக் கைவிட்டதில்லை. பான்கேக் சுட ஆரம்பித்த பிறகுதான் கைவிட்டது.

ஆரம்பம் வயிற்றெரிச்சல். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பிப்போய், பதினொரு மணிக்கு பேக்கரி வாசலில் நின்று இரண்டு கிரீம் பன்னை விழுங்குவது அவர் வழக்கம். அதைக் கேட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எண்ணெயும் சர்க்கரையும் குறைவாக, வீட்டிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார். அவர் மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். எதையாவது தானே சுலபமாகச் செய்துகொண்டால் நல்லது என்று அவள் சொல்ல, பிசியோதெரபி படிக்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அடுப்படியில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தாள்.

ஓட்ஸை மிக்சியில் பொடித்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை மசித்து, முட்டையும் பாலும் விட்டு, சிட்டிகை உப்பும் கொஞ்சம் பேக்கிங் பவுடரும் போட்டுக் கரைக்க வேண்டும். சர்க்கரை வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும். மாவு கொஞ்ச நேரம் ஊறட்டும். பிறகு ஒட்டாத தவாவில் எண்ணெயைத் துணியால் தொட்டுத் தடவி, தணலைக் குறைத்து ஊற்றினால், மேலே குமிழ் வெடித்து ஓட்டை ஓட்டையாக நிற்கும்போது திருப்பிப் போடலாம். அவருக்கு இது பிடித்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. மாவு ஊறுகிற நேரத்தில் குளித்துவிட்டு வரலாம் என்பதும் கணக்காக இருந்தது. தட்டில் நாலு பான்கேக்கும் ஓரம் பழுப்பாக, பஞ்சு மாதிரி வந்தன.

மறுநாள் அதே மாதிரி செய்தார். தித்தித்தது. பழம் அதிகமாகக் கனிந்திருக்கும் என்று நினைத்து, அடுத்த நாள் கொஞ்சம் காயாக எடுத்தார். அன்று உப்புக் கரித்தது. அதற்கடுத்த நாள் மாவு சிமெண்ட் கலவை மாதிரி இறுகிக் கிடந்தது, கரண்டியை நட்டால் நின்றது. இன்னொரு நாள் இனிப்பும் உப்பும் சேர்ந்து, பிஸ்கட்டா மருந்தா என்று தெரியாத ஒரு ருசி. நடுவில் திடீரென்று, யாரும் கேட்காமலேயே, முதல் நாள் மாதிரி அருமையாக வந்து தொலைத்தது. அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

தொழில் புத்தியோடு இறங்கினார். முதலில் பாலை மாற்றினார். பிறகு ஓட்ஸை. பிறகு புதுத் தவா வாங்கினார். அடுப்பின் பர்னரைக் கழற்றிக் கழுவினார். குட்டித் தராசு ஒன்று வாங்கி வந்து ஓட்ஸை நிறுத்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. வீட்டாரோ எதைப் போட்டாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். நல்லா இருக்கா என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே குரலில் நல்லா இருக்கு என்றார்கள். மூன்றாவது ஆள் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், தனிக்கட்டை, மாடி அறையில் குடியிருந்தார். காலை வகுப்பு இல்லாத நாட்களில் கீழே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

லிஃப்ட்காரருக்கு முதலில் நாக்கின் மேல் சந்தேகம் வந்தது. பிறகு அதைவிட மோசமான ஒரு சந்தேகம். தவாவிலும் பாலிலும் கோளாறு இல்லையென்றால், கோளாறு கரைக்கிறவரிடம்தான் இருக்க வேண்டும். உப்பைப் போட்டுவிட்டு, போட்டதை மறந்து மறுபடி போடுகிறாரோ? சர்க்கரை டப்பாவைத் தானே திறந்துவிட்டு, திறந்ததே தெரியாமல் மூடுகிறாரோ? அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சாப்பிட்டு எழுந்த ஈரக் கையோடு, இன்னும் சோறு போடவில்லையா என்று கேட்பார். அதுவும் இப்படித்தான் ஏதோ சின்னதாக ஆரம்பித்தது.

யாரிடமும் சொல்லவில்லை. தன்னைத் தானே சோதித்துப் பார்த்தார். உப்புப் போட்டதும் அந்தக் கரண்டியை வேண்டுமென்றே பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். கரண்டி தொட்டியில் கிடந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம். திரும்பி வந்து பார்த்தால் கரண்டி கழுவித் துடைத்து, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் போடவே இல்லையா? தலையிலிருந்து சொட்டும் தண்ணீரோடு கொஞ்ச நேரம் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு சிட்டிகை உப்பைப் போட்டார். அன்று பான்கேக்கை வாயில் வைக்க முடியவில்லை.

இது வீட்டோடு நிற்கவில்லை. லிஃப்டைச் சோதிக்கும்போது கதவுப் பூட்டைத் தாண்டி ஒரு துண்டு வயரை மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்ந்துவிடும். ஒரு நாள் கட்டட வாசல்வரை வந்துவிட்டவருக்கு வயரை எடுத்தோமா என்று தோன்றியது. திரும்ப மேலே ஏறிப் பார்த்தார். எடுத்திருந்தது. கீழே வந்து தெருமுனையில் மறுபடி நின்றார். கூட வேலை பார்க்கிறவனுக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. அவன் அன்று பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க எடுத்தத நான் பார்த்தேன். உங்க சட்டைப் பையிலதான் இருக்கு."

பையில் கைவிட்டுப் பார்த்தார். வயர் இருந்தது. இருந்தும் நம்பிக்கை வரவில்லை.

கடைசியில் மறதிக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கினார். வீட்டில் வழக்கம்போல வேலைக்குப் போவதாகவே சொல்லியிருந்தார். அன்று காலையும் மாவைக் கரைத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். தலைக்கு சோப்புப் போட்ட நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றது. மேல்தொட்டி காலி. மோட்டார் போடச் சொல்லலாம் என்று துண்டைக் கட்டிக்கொண்டு, நுரைத்த தலையோடு வெளியே வந்தார்.

அடுப்படியில் மச்சான் நின்றிருந்தார். ஒரு கையில் சர்க்கரை டப்பா, மறு கையில் கரண்டி. மாவுப் பாத்திரத்தில் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் இது?"

மச்சான் பதறவில்லை. டிரைவிங் கற்றுக்கொள்ள வருபவர்கள் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதும்போதே பதறாதவர். "ஒண்ணுமில்ல மாப்ள. கொஞ்சம் சப்புனு இருக்கும், அதான். நீங்க ஆசையா பண்றீங்க, மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு..."

சத்தம் கேட்டு மனைவி வந்தாள், பின்னாலேயே மகளும் வந்தாள். சர்க்கரை டப்பாவைப் பார்த்ததும் மனைவி அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். டாக்டர் வேண்டாம் என்றதை எப்படிப் போடலாம் என்றாள். அந்த வேகத்தில் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. "நான் கூட உப்பு மட்டுந்தான் போடுவேன்." மதிய ஷிப்ட் வாரங்களில், அவர் குளிக்கப் போனதும் மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாளாம். பாவம், உப்புப் போட மறந்துவிட்டார் என்று நினைத்துக் கொஞ்சம் போட்டு, தொட்டியில் கிடக்கும் கரண்டியையும் கழுவி மாட்டிவிடுவாளாம். எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். தான் ஆளி விதைப் பொடி சேர்ப்பதாக அவள் மெதுவாகச் சொன்னாள். நார்ச்சத்துக்காகத்தான், அது ஊறினால் மாவு இறுகிவிடும் என்று தெரியாதாம். ஆனால் தினமும் இல்லை, சீக்கிரம் எழுந்தால் மட்டும்.

மூன்று பேருக்கும் மற்ற இரண்டு பேரின் வேலை தெரியாது. மச்சான்தான் முதலில் சிரித்தார், மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. லிஃப்ட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சோப்பு நுரை கண்ணில் இறங்கியது. அதைத் துடைக்கிறாரா வேறு எதையாவது துடைக்கிறாரா என்று அவர்களுக்குப் புரியவில்லை.

"எங்க அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு நினைச்சேன்," என்றார். "இன்னைக்கு அதுக்குத்தான் டாக்டர்கிட்ட கிளம்பினேன்."

சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மச்சான் சர்க்கரை டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம்லப்பா," என்றாள் மகள்.

"என்னன்னு கேக்குறது? நான் உப்பு போட்டேனான்னு உங்ககிட்ட கேக்கவா?"

வாங்கின நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று மனைவியே லீவு சொல்லிவிட்டு அவரோடு போனாள். டாக்டர் வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தார், கடிகாரப் படம் போடச் சொன்னார், வேறு என்னென்னவோ கேட்டார். கடைசியில் ஒரு கோளாறும் இல்லை என்றார். இருந்தாலும் வெளியே வந்ததும் லிஃப்ட்காரர் மனைவியிடம் கேட்டார், தான் எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னோமா என்று. சரியாகத்தான் சொன்னார் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் பாதி வழியில் ஒரு தடவையும், வீட்டு வாசலில் இன்னொரு தடவையும் சொன்னாள். அலுத்துக்கொள்ளவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, குளிப்பதையெல்லாம் முன்னாடியே முடித்துவிட்டு, அவர் மாவைக் கரைத்து வைத்து, ஊறும்வரை ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் அடுப்படிப் பக்கம் போகாமல், கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி மேஜையில் வரிசையாக இருந்தார்கள். அவர் சுட்டுக் கொண்டுவந்து வைத்தார். நிறம் நன்றாகத்தான் இருந்தது.

எல்லோரும் ஒரு வாய் பிய்த்துப் போட்டார்கள். யாரும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று மகள் முன்பே எச்சரித்திருந்தாள்.

"சப்புனுதான் இருக்கு மாப்ள," என்றார் மச்சான்.

மனைவி உப்புக் கொஞ்சம் பற்றாது என்றாள். மகள் இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் மென்றார். சப்பென்று இருந்த மாதிரியும் இருந்தது, இதுவே போதும் என்ற மாதிரியும் இருந்தது. இத்தனை நாள் சாப்பிட்ட எந்த ருசியோடு இதை ஒப்பிடுவது என்று தெரியவில்லை. முதல் நாள் பஞ்சு மாதிரி வந்ததே, அது யார் கை பட்டது என்று இப்போது கேட்டதற்கு, மூன்று பேருமே தாங்கள் இல்லை என்றார்கள். பிறகு மனைவி, இல்லை, ஒருவேளை அன்றைக்கும் கொஞ்சம் போட்டிருப்பேனோ என்று இழுத்தாள்.

"உங்களுக்கு எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க," என்றாள்.

"தெரியலையே," என்றார் லிஃப்ட்காரர். இன்னொன்றை எடுத்து, வாயில் போடாமல், இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.