கேட் பாஸில் இல்லாத ஒயர்

பெற்ற மகள் கையால் மோர் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் கொளஞ்சியப்பன். குணமும் அப்படி, பார்க்கிற வேலையும் அப்படி. குடிகாட்டில் ஒரு ரசாயன ஆலையின் கேட்டில் இருபத்திரண்டு வருடமாக செக்யூரிட்டி. வெளியே போகிற ஒவ்வொரு பையையும் திறப்பார், டிபன் பாக்ஸை ஆட்டிப் பார்ப்பார். கேட் பாஸில் எழுதாத பொருள் ஒற்றை போல்ட்டாக இருந்தாலும் அவரைத் தாண்டாது. மாமன், மச்சான் என்று யாருக்கும் அதில் விலக்குக் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தாறு வயதில் முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. மஞ்சக்குப்பத்திலிருந்து காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்குச் சைக்கிளில்தான் போவார். ஒரே மாதத்தில் மூன்று நாள் லேட். இன்னொரு தடவை லேட்டானால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று காண்ட்ராக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மொபெட் வாங்கலாமே என்றால், பங்க்கில் அளவைக் குறைப்பான் என்பது இவர் கட்சி.

சிதம்பரத்தில் இருக்கும் மருமகன் சிலம்பரசன்தான் வழி சொன்னான். "மாமா, பழைய சைக்கிளே போதும். பெடல் இருக்கற எடத்துல மோட்டார் வெச்சித் தராங்க. நீங்க சும்மா மிதிங்க, மிச்சத்த அது பாத்துக்கும்."

மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளுமாம்! எப்படிப் பார்த்துக்கொள்ளும், ஏன் பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு வாரம் மருமகனைக் குடைந்தெடுத்துவிட்டு, ஒரு லீவு நாளில் சைக்கிளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போனார்.

கடைக்காரர் குனிந்தபடியே வேலையை ஆரம்பித்துவிட்டார். பெடல் தண்டைக் கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். கொளஞ்சியப்பனுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. நூருல் அமீன்! எட்டு வருடத்துக்கு முன் அதே ஆலையில் ஒயர்மேனாக இருந்தவர். ஒரு சாயங்காலம் அவர் பையில் தாமிரக் கம்பிச் சுருள் இருந்ததைப் பிடித்து ரெஜிஸ்டரில் எழுதியது இதே கொளஞ்சியப்பன்தான். மறுநாள் அமீனுக்கு வேலை இல்லை.

"வாங்கண்ணே, பாத்து எவ்ளோ நாளாச்சி!" என்று அமீன் சிரித்தார்.

திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சோற்றில் மண்ணைப் போட்டவனைப் பார்த்து எவனாவது சிரிப்பானா? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடலாம் என்றால் அது பாதி உடம்பாகக் கிடக்கிறது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நாலு மணி நேரம் கண் கொட்டாமல் உட்கார்ந்தார். சிறுநீர் கழிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அமீன் பெடல் தண்டு இருந்த குழலைத் துடைத்து, மோட்டாரின் தண்டை அதற்குள் நுழைத்து, பெரிய வளைய நட்டால் முறுக்கினார். புதுப் பல்சக்கரம், புதுச் செயின், பார் நடுவில் பேட்டரி. எல்லாம் முடிந்த பிறகு பிரேக் கம்பிக்கு அடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஏதோ ஒன்றைக் கட்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயரை மோட்டாருக்கு இழுத்தார். அது என்ன என்று கேட்க நாக்கு வரை வந்தது. இவனிடம் போய் நான் கேட்பதா என்று விழுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பில்லை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மோட்டார் இருந்தது, பேட்டரி இருந்தது, சார்ஜர், செயின் எல்லாம் இருந்தது. அந்தச் சுண்டுவிரல் சமாச்சாரம் மட்டும் பில்லில் இல்லை.

"பாத்தியா சௌந்தரம்? லிஸ்ட்ல இல்லாத பொருள வெச்சிருக்கான். எதுக்கு வெச்சிருக்கான்?"

"ஆமா, ஒங்கள கொல்றதுக்குன்னே அந்த மனுசன் சிதம்பரத்துல கட போட்டு ஒக்காந்துருக்காரு. போயி சாப்புடுற வழியப் பாருங்க," என்றாள் மனைவி.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சாப்பிட்ட கையோடு கட்டிங் பிளேயரை எடுத்து அந்த ஒயரைக் கத்தரித்துப் போட்டார். கேட்டில் ஒரு திருடனைப் பிடித்த திருப்தி.

மறுநாள் மோட்டார் மேல் நம்பிக்கை இல்லாமல் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார். சும்மா சொல்லக்கூடாது, சைக்கிள் பறந்தது. முட்டி வலிக்கவே இல்லை. வழியில் ஒரு மைதானத்துத் திருப்பத்தில் முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கை அழுத்தினார். மிதிப்பதை நிறுத்தியும் மோட்டார் ஒரு கணம் கூடுதலாகத் தள்ளியது. நேராக ஆட்டோவின் பின்புறத்தில் மோதி ரோட்டில் விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்தது. சீக்கிரம் கிளம்பியிருந்ததால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தும் ஆறு மணிக்குள் கேட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த லீவு நாளில் சைக்கிளோடு சிதம்பரத்தில் போய் நின்றார்.

"பழி தீத்துட்ட இல்ல? என்னை கொல்லத்தான இத மாட்டுன?" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

அமீன் குனிந்து பிரேக்கைப் பார்த்தார். கத்தரித்த ஒயரை இரண்டு விரலால் எடுத்துக் காட்டினார்.

"இத யாருண்ணே வெட்டுனது?"

"நாந்தான். பில்லுல இல்லியே அது."

"எப்பிடி இருக்கும்? கிட்டோட வர்றது ஒயர் பிரேக்குக்குத்தான் ஒத்துவரும். உங்குளுது பழைய கம்பி பிரேக். புடிச்சா மோட்டார் நிக்காது, வயசான மனுசன் எங்கியாவது போயி முட்டிக்குவாரேன்னு நானே ஒரு சுவிச்ச செஞ்சி மாட்டுனேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" இப்போது அமீனுக்கும் குரல் உயர்ந்தது. "அன்னிக்கும் நீங்க கேக்கல. சொல்ல வந்தேன், ஆபீஸ்ல சொல்லிக்கன்னு தொரத்துனீங்க. ஆபீஸ்ல நீங்க எழுதுனததான் படிச்சாங்க."

கொளஞ்சியப்பன் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"அந்தக் கம்பி எங்கேருந்து வந்துது பாய்?"

"எங்க மாமா கடையிலேருந்து. கேன்டீன் ஃபேன் காயில் எரிஞ்சி ரெண்டு மாசமா கெடந்துது. எல்லாரும் வேக்காட்டுல ஒக்காந்து சாப்புடுறாங்களேன்னு நானே கம்பி கொண்டாந்து சுத்துனேன். மிச்சந்தான் பையில இருந்துது. உள்ள வரும்போது எழுதாம வந்துது என் தப்பு." அமீன் ஒயரின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கிக்கொண்டே கேட்டார். "அந்த ஃபேன் இப்ப ஓடுதாண்ணே?"

நேற்று மதியம்கூட வெயில் தாங்காமல், நாற்காலியை அந்த ஃபேனுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுத்தான் கொளஞ்சியப்பன் சாப்பிட்டிருந்தார். எட்டு வருடமாக அவருக்கு அதுதான் இடம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஓடுது பாய்," என்றார்.