கரண்ட் போட்ட வீட்டுக்கு வந்த லாம்பு

சகோதரிகளே, எனக்குச் சாந்தமாகப் பேசத் தெரியாது. அல்லாஹ் செய்த உதவியைச் சொல்ல வந்த இடத்திலும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தை மறைத்துவிட்டுச் சொன்னால் பாதியைத்தான் சொன்னவளாவேன்.

போன மாரியில் அடித்த புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கல்முனைக்குடியில் எங்கள் தெருவில் நின்ற லைட் போஸ்ட்டுகள் எல்லாம் சாய்ந்து, கம்பி வெள்ளத்துக்குள் கிடந்தது. எங்கள் வீட்டுக் கூரையின் முன்பக்கத்து ஓடுகளைக் காற்று கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டின் உள்ளறையில், பிரசவ வலியில் என் மகள் ஜெமீலா கிடந்தாள். வீட்டில் ஒரு விளக்கு இல்லை. ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை? அதைச் சொல்ல வாயெடுத்தாலே எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

நம்முடைய பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நாங்களும் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீட்டில் ஒதுங்கினோம். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் உம்மா ஆசியா ஒரே பிடியாக நின்றா.

"கரண்ட் இல்லாத ஊட்டுக்கு எண்ட மகன அனுப்ப மாட்டன்" என்றா.

சரி, ஊருக்கே புதிதாக வந்த கரண்ட், எங்கள் வீட்டுக்கும் வரட்டும் என்று என் புருஷன் போட்டார். அதோடு விட்டாரா? சம்மந்திக்காரி வீடு பார்க்க வருகிறா என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வீட்டிலும் இருந்த லாம்பு முழுவதையும் அள்ளிக்கொண்டுபோய்க் கடற்கரை வாடிக் குடிசைகளில் மீன்காரருக்குக் கொடுத்துவிட்டார். சுவரில் படிந்த கரியைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினார். அரிக்கன் லாம்பு தொங்கிய ஆணியைக்கூடப் பிடுங்கி, அந்தத் துளையையும் அடைத்தார்.

"ஒரு லாம்பாவது கிடக்கட்டுமே" என்று கெஞ்சினேன்.

"என்னத்துக்குகா? சுவிச்சத் தட்டினா லைட்டு. மண்ணெண்ணெய் மணத்தோட சம்மந்திக்காரிக்கு முன்னால நிக்கச் செல்றியா?"

அந்தச் சுவிச்சைப் புயலுக்குப் பிறகு நான் எத்தனை தரம் தட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. செத்துப்போனது என்று தெரிந்தும் போகும்போதும் வரும்போதும் தட்டினேன். ஆத்திரம்.

பக்கத்து ஓலைக் கிடுகு வீடுகள் எல்லாம் விழுந்து, சனங்கள் பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டார்கள். ஓடிப்போய் ஒரு விளக்குக் கேட்கத் தெருவில் ஆள் இல்லை. மருமகன் புயலுக்கு முந்தியே ஊருக்கு வெளியே வட்டைக்கு வயல் பார்க்கப் போனவர், வெள்ளம் மறித்து அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் ரோட்டில் மரத்துக்கு மேல் மரம் விழுந்து கிடக்க, வலியில் துடிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? மருத்துவிச்சி கதீசா உம்மா இடுப்பளவு தண்ணீரில் வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழுகைச் சத்தம் கேட்டு நான் சந்தோஷப்பட்டு முடிக்கவில்லை, அதற்குள் மருத்துவிச்சியின் குரல் மாறியது.

"வெளிச்சம் கொண்டா புள்ள. ரெத்தம் நிக்குதில்ல. நஞ்சுக்கொடி முழுசா வந்திச்சா, துண்டு உள்ள நிண்டிட்டாண்டு நான் பாக்கணும். இருட்டுல கை வெச்சா ஒண்டுகிடக்க ஒண்டாகிப் போகும்."

மழை இருட்டு வேறு. உள்ளறைக்கு ஜன்னல் இல்லை. நான் சிரட்டையில் தேங்காயெண்ணெய் ஊற்றித் துணித்திரி போட்டுக் கொளுத்தினேன். ஓடு போன முன்பக்கத்தால் புகுந்த காற்று ஊதி அணைத்தது. மறுபடியும் கொளுத்தினேன், மறுபடியும் அணைத்தது. கண்ணாடிச் சிமினி இல்லாமல் அந்தக் காற்றில் நெருப்பு நிற்காது. நெருப்புப்பெட்டியும் நனைந்து, குச்சிகள் மருந்து உதிர்ந்து போயின. என் புருஷன் வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

"போங்க! வாடிக்காரனுக்குக் குடுத்த லாம்ப இப்ப போய்க் கேளுங்க!" என்று கத்தினேன். வாடிகளைக் கடல் கொண்டுபோயிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் மனுஷன் தண்ணீருக்குள் இறங்கி ஓடினார்.

மகளின் கை குளிர்ந்து வந்தது. "உம்மா, எனக்குத் தலையச் சுத்துது" என்றாள். பிறகு அதையும் சொல்லவில்லை.

நான் அடுப்படிக்குப் போனேன். பொழுது பட்டு மஃரிபு தொழுகை நேரம் வந்திருக்கும். அந்தக் காற்றில் பாங்குச் சத்தமும் கேட்கவில்லை. ஈரச் சேலையோடு தொழுதேன். தொழுது முடித்துக் கையை ஏந்தினேன். அழுகை வரவில்லை சகோதரிகளே. கோபம்தான் வந்தது. வாய்விட்டே கேட்டேன்.

"யா அல்லாஹ், எனக்குப் பதுமையா, பணிவாக் கேக்க ஏலாது. எண்ட புருஷன்ல கோவம். கரண்ட் கேட்ட அந்தச் சம்மந்திக்காரில கோவம். உன்ட காத்துலயும் எனக்குக் கோவம். எண்ட புள்ள கண்ணுக்கு முன்னால போகுது. ஒரு வெளிச்சம் தா. எனக்கு வேற ஒண்டும் வேணாம். இப்பவே தா."

இப்படிக் கேட்கலாமா என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது அந்த வாய்தான்.

ஏந்திய கையை முகத்தில் தடவிக்கொண்டு எழும்பியபோது வளவு வாசல் கடப்படியில் யாரோ தண்ணீரை அளைந்துகொண்டு வருகிற சத்தம் கேட்டது. பார்த்தேன். வெளிச்சம் வந்தது. தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்த ஓர் அரிக்கன் லாம்பு. அதற்குக் கீழே, நெஞ்சுவரை நனைந்து, முக்காடு காற்றில் பறக்க, யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஆசியா. என் சம்மந்திக்காரி. பக்கத்து ஊரான சாய்ந்தமருதிலிருந்து நடந்தே வந்திருந்தா.

"மச்சி, கரண்ட் போன ஊடெல்லாம் லாம்ப வெச்சிருக்கு. உங்கட ஊட்டுல ஒண்டும் இல்லையேண்டு எனக்குத்தான் தெரியும், ஊடு பாக்க வந்தண்டே கண்டனே. மருமகளுக்கு மாசம் வேற" என்றா. அதற்கு மேல் பேச நான் விடவில்லை. லாம்பைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"கிட்டப் பிடி, இன்னும் கிட்ட" என்றா மருத்துவிச்சி. பார்த்தா. துண்டு உள்ளேதான் நின்றிருந்தது. அதை எடுத்தா. வயிற்றை அமுக்கினா. நான் லாம்பைப் பிடித்தபடி தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினேன். காற்று சிமினியில் மோதியது, சுடர் ஆடியது, அணையவில்லை. ஆசியா மகளின் கால்மாட்டில் இருந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தா. இரத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

"இனிப் பயமில்ல. அல்ஹம்துலில்லாஹ்" என்றா கதீசா உம்மா. என் புருஷன் வெறுங்கையோடு திரும்பி வந்து, வாசலில் வெளிச்சத்தைக் கண்டு, அந்த ஈரத்திலேயே குந்தி அழுதார்.

விடிந்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "மச்சி, உங்கட ஊட்டுல எத்தின லாம்பு?"

"இதுதான்" என்றா.

மகனுக்குக் கரண்ட் வீடு கேட்டவவின் வீட்டில் கரண்ட் இல்லை, இருந்தது இந்த ஒரே லாம்புதான். அவவின் புருஷன் பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. அந்த மனுஷனைக் கடலோரத்தில், அந்தக் காற்றில், தனியே இருட்டில் விட்டுவிட்டா வந்திருக்கிறா!

"அவர்தான் போகச் சென்னார் மச்சி. 'கண்ண மூடினா எனக்கு எப்பவும் இருட்டுத்தானே, நீ லாம்ப அங்க கொண்டு போ' எண்டார்."

அப்போதும் எனக்குக் கோபம் வந்தது. திட்டுவதற்கு ஒரு காரணமும் மிச்சம் வைக்காமல் இந்த மனுஷி செய்துவிட்டாவே என்று கோபம். பிறகுதான் அழுகை வந்தது. அவவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அதன்பிறகு என் புருஷனை அனுப்பி, அந்த மனுஷரை எங்கள் வீட்டுக்கே தூக்கி வரச் செய்தோம். பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடியும் மட்டும் இரண்டு குடும்பமும் அந்த ஒரு லாம்பில்தான் இருந்தோம்.

கரண்ட் வந்தது, ஆறுதலாக வந்தது. பெரிய உத்தியோகத்தர்களின் பங்களாக்களுக்கு முதலில், நமது தெருவுக்குக் கடைசியில். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் யாரை நெஞ்சுக்குள் திட்டிக்கொண்டு கையேந்தினேனோ, என் துஆவுக்கு முந்தியே ரப்பான அல்லாஹ் அவவைத் தண்ணீருக்குள் இறக்கி நடக்க வைத்திருந்தான்.

ஆகவே சகோதரிகளே, மனம் சாந்தமான பிறகு கேட்போம் என்று காத்திருக்காதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள். வாசலில் யார் வந்து நின்றாலும் கதவைத் திறவுங்கள்.

என் புருஷன் பிடுங்கிய ஆணியை, அடைத்த அதே துளையில் நானே திரும்ப அடித்தேன். சுவிச்சுக்குப் பக்கத்தில், வருகிற போகிற எல்லாரும் காணும் இடத்தில். கடையில் ஒரு புது அரிக்கன் லாம்பு வாங்கினோம். அந்தப் புதியதை ஆசியா மச்சிக்குக் கொடுத்துவிட்டு, கரி பிடித்த பழையதை நான் கேட்டு வாங்கி அந்த ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.