ஹெஸ்டர் மங்கின் நடந்த நடை

ஹெஸ்டர் மங்கின். பிறப்பு 1919, அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் டேரியனுக்கு அருகே. தொழில், ஆலையில் நண்டுச் சதை பிரித்தல். 1951 முதல் சபையின் ஆண்டிறுதி ஆராதனையில் வட்டத்தை முன்னின்று நடத்தியவர்.

கைதட்டிப் பாடியபடி வட்டமாக நகரும் அவ்வழிபாட்டில் ஒரு கால் மற்றொன்றைக் குறுக்காகக் கடக்கலாகாது. கடந்தால் அது நடனம். நடனமாடியவருக்கு வட்டத்தில் இடமில்லை.

1978 ஏப்ரலில், கறுப்பின மக்களின் நடன வரலாற்றை அடிமைக் காலந்தொட்டு ஆடிக் காட்டும் சவானா நகரக் குழு ஒன்று பள்ளி அரங்குக்கு வந்தது. முதற்காட்சியான வட்டத்துக்கு ஹெஸ்டரை அழைத்தது. சபையில் காணிக்கைத் தட்டு ஏந்தும் டீக்கன் ஒபதியா ஃப்ரேசியர் எச்சரித்தார்.

"கால் குறுக்க போச்சுன்னா வட்டத்துல இருந்து நீக்கிடுவோம், சகோதரி."

"முன் வரிசையிலயே உக்காருங்க டீக்கன். கண்ணாடிய மறந்துடாதீங்க."

முதற்காட்சி பழுதின்றி முடிந்தது. அடுத்தது கேக் நடை. அதற்குரிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். குழுத் தலைவர் லயனல், ஹெஸ்டரிடம் கெஞ்சினார்.

"கேக்கை ஏந்திக்கிட்டு ஒரு சுத்து வந்தா போதும்மா. எஜமானோட பவிசைக் கேலி பண்ணி நம்மாளுங்க அன்னைக்கு நடந்த நடை."

"நான் எந்த எஜமானைக் கண்டேன்?"

"தெரிஞ்ச பெரிய மனுஷன் யாராவது?"

ஹெஸ்டர் திரையை விலக்கி முன் வரிசையைப் பார்த்தார்.

பிறகு நடந்தார். வயிற்றை முன்தள்ளி, காணிக்கைத் தட்டைப் போலக் கேக்கை ஏந்தி, வரிசைக்கு வரிசை நின்று, கொடுக்காதவரை முறைப்பதுபோல் தாடையைத் தூக்கினார். அரங்கம் குலுங்கியது. டீக்கனின் மனைவி டெல்ஃபின்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீக்கன் மட்டும் சிரிக்கவில்லை; குனிந்து, ஹெஸ்டரின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவர் சபைமுன் வழக்கை வைத்தார்.

"இவங்க மேடையில ஆடினாங்க."

ஹெஸ்டர் எழுந்தார். "கால் குறுக்க போச்சா, டீக்கன்?"

"போகல. நான் கண்ணெடுக்காம பாத்தேன். ஆனாலும் சனம் அப்படிச் சிரிச்சுதே, அது ஆட்டந்தான்."

"அது யார் நடைன்னு தெரியுமா?"

"யார் நடை?"

அவர் மனைவி டெல்ஃபின்தான் சொன்னார்.

"உங்க நடைதாங்க அது."

ஹெஸ்டர் பணிவாகத் தொடர்ந்தார். "அது ஆட்டம்னா, ஞாயிறு தவறாம நம்ம சபைக்குள்ளயே ஆட்டம் நடக்குது. தட்டோட."

போதகர் நெடுநேரம் இருமினார். பின் கைகளை உயர்த்தச் சொன்னார்.

நீக்க வேண்டும் என்றோர் 1. வேண்டாம் என்றோர் 46.